கடைசிச் சொல் காதில் விழவில்லை

குரல் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் நாளில் சொல்லும் குறை அநேகமாக ஒன்றேதான். "குரல் எடுபடலைங்க, கொஞ்சம் கம்பீரமா ஆக்கணும்." கம்பீரம் என்றால் என்ன என்று கேட்டால் கனத்த, கட்டையான, வானொலியில் வருவது போன்ற குரல் என்பார்கள். பயிற்சி தருகிறவர்களிலும் பாதிப் பேர் அதைத்தான் விற்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் செரித்ததில்லை. மெல்லிய குரலில் பேசி ஒரு மண்டபத்தையே கட்டிப்போடுகிறவர்கள் உண்டு. வெண்கலக் குரல் வாய்த்தும், பக்கத்தில் இருப்பவர் "என்ன சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்கும்படி பேசுகிறவர்களும் உண்டு. எடுபடாத பேச்சைக் கவனித்துக் கேட்டால், குறை குரலின் கனத்தில் இருப்பதில்லை. வாக்கியத்தின் வாலில் இருக்கிறது.

மருந்துக்கடையில் நின்று கேளுங்கள். கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொல்கிறார்: "இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கக் கூடாது." 'இந்த மாத்திரையை' கணீரென்று வருகிறது. 'சாப்பாட்டுக்கு முன்னாடி'யும் தெளிவு. 'போட்டுக்க' வரும்போது குரல் சரிகிறது. 'கூடாது' அவர் சட்டைப் பைக்குள் விழுந்துவிடுகிறது. வாசலில் ஒரு பஸ் போனால் முடிந்தது கதை. மாத்திரை, சாப்பாடு, முன்னாடி என்று மூன்றையும் சரியாகக் கேட்டுக்கொண்ட பெரியவர், வீட்டுக்குப் போய் சாப்பாட்டுக்கு முன்னாடியே போட்டுக்கொள்வார்.

தமிழில் வாக்கியத்தின் முடிவு வினைமுற்றில்தான் தெரியும். செய்தானா செய்யவில்லையா, செய்யலாமா கூடாதா, நேற்றா நாளையா, அவனா அவளா அவரா, தானே பார்த்ததா பிறர் சொல்லக் கேட்டதா, எல்லாம் கடைசி இரண்டு மூன்று எழுத்தில் அடங்கிக் கிடக்கிறது. "நாளைக்குள்ள பணம் கட்ட…" என்று ஒருவர் குரல் தேய்ந்தால், அது கட்டணுமா, கட்டலாமா, கட்ட வேண்டாமா? "சொன்னாரு" என்பதற்கும் "சொன்னாராம்" என்பதற்கும் நடுவே சாட்சிக்கும் வதந்திக்கும் உள்ள தூரம். பேச்சுத் தமிழில் 'வரலாம்', 'வரல' இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். பேசும்போது மகர ஒற்று மூக்கில் கரைந்துவிடும். மிஞ்சுவது ஒரு நெடிலும் அதன் மூக்கொலியும்தான். அதையும் விழுங்கிவிட்டால் சம்மதமும் மறுப்பும் ஒன்றுபோலவே கேட்கும்.

ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் எழுவாயை ஒட்டியே வந்துவிடும். மூன்றாவது சொல்லுக்குள் ஆளின் முடிவு தெரிந்துவிடுகிறது. வால் தேய்ந்தாலும் தலை தப்பும். நம் ஊர் வகுப்புகளில் சொல்லித்தரும் பாடங்கள் பெரும்பாலும் அந்த மொழிக்காக வெட்டித் தைத்த சட்டை. "முக்கியமான சொல்லை அழுத்துங்கள்" என்பார்கள். தமிழ் பேசுகிறவர் உடனே பெயர்ச்சொல்லை அழுத்துவார், அதில்தான் பொருள் இருப்பதாக நினைத்து. இருக்கிற மூச்செல்லாம் முன்னாலேயே செலவாகி, வினைக்கு வரும்போது கஜானா காலி.

(ழகரத்துக்கு இரண்டு மாதம் ஒதுக்கும் வகுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'வாளைப்பளம்' காதுக்கு உறுத்தல்தான். ஆனால் அதைக் கேட்டு யாரும் வேறு பழம் வாங்கி வந்ததாகத் தெரியவில்லை.)

அறுபதில் தொடங்கி நாற்பதில் முடிப்பது

வால் ஏன் தேய்கிறது? சோம்பல், கூச்சம் என்று குணத்தின் தலையில் பழியைப் போடுவது வழக்கம். பெரும்பாலும் அது காற்றுக் கணக்கு. நம்மால் முழுதாக இழுத்து முழுதாக வெளியேற்றக்கூடிய காற்றை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால், சாதாரணப் பேச்சு அறுபது பங்கு அளவில் தொடங்கி நாற்பதை ஒட்டி முடிகிறது. மூச்சு விட்டுவிட்டுச் சும்மா இருக்கும்போது நெஞ்சுக்கூடு ஓய்வாக நிற்கும் நிலையும் ஏறத்தாழ அந்த நாற்பதுதான். அறுபதில் இருக்கும்போது நுரையீரலும் விலாவும் இழுத்துப் பிடித்த ரப்பர் மாதிரி, விட்டால் தானாகச் சுருங்கிக் காற்றைத் தள்ளும். நாம் அதைக் கொஞ்சம் பிடித்துப் பிடித்து விட்டால் போதும். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் கதை தலைகீழ். விலா வெளிப்பக்கம் விரியப் பார்க்கும், நாம் வயிற்றுத் தசையால் பிதுக்க வேண்டியிருக்கும். தீர்ந்துபோன பற்பசைக் குழாயை அடியிலிருந்து நசுக்குகிற வேலை. அந்த நேரத்தில் தொண்டையும் சேர்ந்து இறுகும். காற்றோட்டம் குறைந்த குரல் நாண்கள் சீராக அதிராமல் தனித்தனியாகத் தட்டிக்கொள்ளும். பழைய மரக்கதவு திறக்கிற மாதிரி ஒரு 'கறகற' எழும். நம் ஆட்களின் வினைமுற்று பாதிக்குமேல் அந்தக் கறகறவில்தான் கரைகிறது.

தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது காற்று உந்தியிலிருந்து, அதாவது கொப்பூழிலிருந்து, கிளம்புவதாகத் தொடங்கி, அது தங்கும் இடமாகத் தலை, மிடறு, நெஞ்சு மூன்றையும், வடிவம் கொடுக்கும் உறுப்பாகப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஐந்தையும் சொல்கிறார். உடற்கூறுப்படி வயிற்றில் மூச்சுக்காற்று இல்லை. ஆனாலும் பேசுகிறவனின் உடம்பில் அந்தத் தள்ளல் எங்கே உணரப்படுகிறதோ அந்த இடத்தைத்தான் அவர் தொட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

"மூச்சை நல்லா இழுத்துக்கிட்டுப் பேசு" என்கிற அறிவுரைதான் இதில் அதிகம் கெடுப்பது. நல்லா இழு என்றதும் தோள் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், காற்று எண்பது தொண்ணூறுக்குப் போய்விடும். அவ்வளவு அழுத்தத்தை அடக்க முடியாமல் முதல் இரண்டு சொல்லிலேயே பாதி கொட்டிப்போகும். வேண்டியது அளவான காற்று, அடிக்கடி. பேசும்போது மொத்த நேரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் மூச்சு இழுப்பதற்குக் கிடைக்கிறது. ஆகவே அந்த இழுப்பு சின்னதாக, சத்தமில்லாமல், வயிற்றுப் பக்கம் விரிவதாக இருக்க வேண்டும்.

பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கொப்பூழின் மேல் முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றை வையுங்கள். மூக்கால் இரண்டு நொடி இழுக்கும்போது புத்தகம் ஏற வேண்டும், நெஞ்சு ஏறக் கூடாது. பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று விடுங்கள். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல ஒரே சீராக, 15 நொடி. சிலர் 40 நொடி இழுத்துக் காட்டிப் பெருமைப்படுவார்கள். அது போட்டிக்கு ஆகும், பேச்சுக்கு உதவாது. வயிறு பிதுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவதுதான் பாடம், அந்த நாற்பதாம் படியை உடம்பு அடையாளம் கண்டுகொள்வதற்காக. ஒரு தடவைக்கு ஐந்து முறை, காலையும் மாலையும். தலை சுற்றினால் எழுந்து உட்கார்ந்துவிடுங்கள், அதிகமாக ஊதிவிட்டீர்கள். சாப்பிட்டதும் செய்ய வேண்டாம். ஒரு வாரம் கழித்து இதையே உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்ய வேண்டும். நின்றதும் பலருக்கும் பழைய தோள் மூச்சு திரும்பிவிடும். கண்ணாடியில் காறை எலும்பைப் பார்த்துக்கொண்டு செய்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, யாரும் சொல்லாதது: இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவும் தொப்பையை அமுக்கும் பெல்ட்டும் வயிற்றை விரியவே விடாது. மேடை ஏறும் நாளில் ஒரு துளை தளர்த்திக்கொள்ளுங்கள்.

வாலிலிருந்து தலைக்கு

தன் வினைமுற்று காணாமல் போகிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தான் சொல்ல நினைத்தது தன் காதில் எப்போதும் முழுதாகவே கேட்கும். போதாததற்குச் சொந்தக் குரல் எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. ஒலிப்பதிவில் நம் குரல் ஒல்லியாகத் தெரிவதும் இதனால்தான். போனில் பதிந்து கேட்டால் புரியாதா என்றால், வாய்ப் பக்கத்தில் வைத்தால் புரியாது. பல போன்கள் சத்தம் குறையும்போது தானே ஏற்றிக்கொடுத்துவிடும். தேய்ந்த வாலை அது ஒட்டவைத்துத் தரும்.

ஆகவே போனைப் பத்தடி தள்ளி வையுங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். எழுதியதைப் படிக்காமல், நேற்றைய நாளைப் பற்றி இரண்டு நிமிடம் சும்மா பேசுங்கள். அடுத்த நாள், அந்தப் பேச்சைக் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதிய தாளும் உங்கள் பேச்சும் ஒன்றாக மேசைமேல் வரும் அந்தக் கணத்தில்தான் பயிற்சி உண்மையில் தொடங்குகிறது. இருபது வாக்கியத்தில் ஆறேழு இடத்தில் கோடு மட்டும் இருக்கும். இரண்டு இடத்தில் நீங்கள் சொன்னதற்கு நேர் எதிரானது இருக்கும். 'போகல' என்றது 'போகலாம்' ஆகியிருக்கும். அதைப் பார்த்த பிறகு யாரும் கம்பீரக் குரல் கேட்பதில்லை. "இத்தனை நாளா எல்லாரும் இப்படியா கேட்டாங்க?" என்றுதான் கேட்பார்கள்.

இதற்கு மருந்து, வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டுவது. முதலில் 'கூடாது' மட்டும். சாதாரணக் குரலில், ஆனால் முழுதாக. அடுத்த மூச்சில் 'போட்டுக்கக் கூடாது'. பிறகு 'முன்னாடி போட்டுக்கக் கூடாது'. அப்புறம் 'சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கக் கூடாது'. கடைசியாக 'இந்த மாத்திரையை'யைச் சேர்த்து முழு வாக்கியம். ஐந்து முறையும் அந்தக் 'கூடாது' ஒரே தெம்போடு வர வேண்டும். கையைக் குரல்வளையின் மேல் லேசாக வைத்துக்கொண்டால் அதிர்வு எங்கே நிற்கிறது என்று விரலுக்குத் தெரியும். 'டா'வுக்கு முன்பே நின்றால் சொல்லைக் கிசுகிசுத்துவிட்டீர்கள். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் போதும். வீட்டிலும் வேலையிலும் நிஜமாகச் சொல்கிறவையாக இருக்கட்டும், திருக்குறளை எடுக்காதீர்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். 'கூடாது' என்பதன் 'து' குற்றியலுகரம். இலக்கணமே அதற்கு அரை மாத்திரைதான் கொடுத்திருக்கிறது. அதைப் போய் 'தூ' என்று ஊதி நிரப்பினால் செயற்கையாகிவிடும். தெம்பு போக வேண்டியது அதற்கு முந்தைய நெடிலுக்கு, அந்த 'டா'வின் இரண்டு மாத்திரைக்கு. 'வரலாம்' என்றால் 'லா'வுக்கு. 'வரல' என்றால் 'ர'வில் ஒரு தட்டு, பிறகு 'ல'வைக் குறிலாகவே வெட்டி நிறுத்தணும்.

முதல் வாரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, வாலைத் தூக்கி அடிப்பது. "வந்திருக்கிறோம்ம்ம்!" என்று வட்டச் செயலாளர் தோரணை வந்துவிடும். செய்தியைச் சொல்லும் வாக்கியத்தின் முடிவில் சுருதி இறங்குவது இயல்பு, இறங்கட்டும். இறங்கக் கூடாதது தெம்பு. இரண்டையும் பிரித்துக் கேட்கக் காதுக்கு நாள் பிடிக்கும். நாதஸ்வரக்காரர் கீழ் சட்ஜத்தை எப்படி ஊதுகிறார் என்று கேளுங்கள். சுரம் கீழே, நாதம் குறையாது.

மூச்சை எங்கே எடுப்பது என்பது இதன் மறுபாதி. நம் வாக்கியம் 'போய், பார்த்து, கேட்டு' என்று எச்சங்களால் நீளும். பேசுகிறவர் அத்தனையையும் ஒரே மூச்சில் ஓட்டி, வினைமுற்றைச் சொல்லி முடித்த பிறகு ஆற அமர மூச்சு வாங்குவார். அது பஸ் போன பிறகு கை காட்டுவது. கடைசி மூச்சு, முடிவுக்கு மூன்று நான்கு சொல்லுக்கு முன்னால் வர வேண்டும். "எங்கள் சங்கத்தின் சார்பில் / பத்தாம் தேதி நடக்கும் கூட்டத்துக்கு / உங்கள் அனைவரையும் அழைக்கிறோம்." இரண்டாவது கோட்டில் அரை நொடி இழுத்தால் 'அழைக்கிறோம்' நாற்பதுக்கு மேலேயே முடியும். எச்சத்துக்குப் பின் நிறுத்தலாம். துணைவினையை மட்டும் பிரிக்கக் கூடாது. 'கேட்டுக்… கொள்கிறோம்', 'செய்ய… முடியாது' என்று அறிவிப்பாளர்கள் நிறுத்துவது கேட்பவருக்குக் கால் இடறுகிற மாதிரி.

எழுதிப் படிப்பதானால் தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்குத் திக்குவாய். அவர் மன்னராகும் முன்பே, 1926 முதல், ஆஸ்திரேலியரான லயனல் லோக் பயிற்சி கொடுத்தார். போர் அறிவித்த 1939 செப்டம்பர் 3 அன்று மன்னர் வானொலியில் படித்த உரையின் தாளில், எங்கே நிறுத்த வேண்டும் என்று லோக் குறித்துக் கொடுத்திருந்தார். அவ்வளவு பெரிய நாளிலும் கையில் இருந்த கருவி பென்சில்தான்.

கட்டைக் குரல் மோகம்

சரி, கனத்த குரல்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்கிறவருக்கு? குரலின் சுருதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குரல் நாணின் நீளமும் தடிமனும். பேச்சில் ஆணுக்குப் பொதுவாக நொடிக்கு 100 முதல் 130 தடவை, பெண்ணுக்கு 180 முதல் 220 தடவை அது அதிரும். குரல் உடையும் மகரக்கட்டு வயதில் உடம்பு எடுத்த முடிவு அது, பயிற்சியாளர் மாற்றி எழுத முடியாது. கொஞ்சம் நகர்த்தலாம். பின்னாளில் பிரிட்டன் பிரதமரான மார்கரெட் தாட்சர் 1970களில் பயிற்சி எடுத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டது எல்லோரும் அறிந்தது. ஆனால் தேர்ந்த கண்காணிப்பு இல்லாமல் நாக்கின் அடியை அமுக்கிக் குரலைக் கீழே இறக்குகிறவருக்கு மாலைக்குள் தொண்டை வலி, கூடவே அதே கறகற. வாலைக் காப்பாற்ற வந்தவர் வாக்கியம் முழுவதையும் வாலாக்கிக்கொள்வார்.

இந்த மோகமே மைக் கொடுத்தது. மைக் இல்லாத நாடக மேடையில் கொண்டாடப்பட்டது உச்சஸ்தாயி. 27 வயதில், 1933-ல் மறைந்த பாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவின் புகழ் அந்த உச்சியில்தான் நின்றது. கடைசி வரிசைக்கு எட்டியது அந்தக் குரல். பிறகு வாய்க்கு அருகே மைக் வந்தது. ஒரு திசையில் மட்டும் ஒலி வாங்கும் மைக்கை நெருங்க நெருங்க அடித்தள ஒலி தானாகவே கூடும். வானொலிக் குரலின் கனத்தில் ஒரு பங்கு அந்தக் கருவி கொடுத்த இனாம். மைக்கை நான்கு விரல் தூரத்தில் பிடித்தால் உங்களுக்கும் கிடைக்கும்.

உங்கள் இயல்பான சுருதி எது என்று அறிய எளிய வழி, யாராவது கதை சொல்லும்போது 'ம்' கொட்டுவது. எண்ணிப் பார்க்காமல் வருகிற அந்த 'ம்', உங்கள் தொண்டைக்குச் செலவு குறைந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த 'ம்'மை நீட்டி அதிலிருந்தே 'ம்ம்-வாங்க', 'ம்ம்-சொல்லுங்க' என்று பேச்சுக்குள் நுழையுங்கள்.

குரலைப் பதப்படுத்த ஒரே ஒரு பயிற்சி சொல்லச் சொன்னால் ஸ்ட்ராவைத்தான் சொல்வேன். முக்கால் டம்ளர் தண்ணீர். ஐந்து ஆறு மில்லிமீட்டர் துளையுள்ள ஸ்ட்ரா, நுனி தண்ணீரில் இரண்டு செ.மீ. முங்கியிருக்கட்டும். உதட்டை மூடிப் பிடித்து 'ஊ' என்று குரலோடு ஊதுங்கள். குமிழ் சீராக வர வேண்டும். ஒரு நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே குரலை வழுக்க விடலாம். எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பும் அழுத்தம் குரல் நாண்களை லேசாக விலக்கி வைப்பதால் அவை மோதிக்கொள்வது குறைகிறது. தண்ணீர் தெறித்தால் தள்ளுகிறீர்கள் என்று பொருள். நடுவில் மூக்கைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு 2019 முதல் தடை. காகித ஸ்ட்ரா இரண்டே நாளில் துவண்டுவிடும், எவர்சில்வர் ஸ்ட்ரா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பப்பாளிக் காம்பில் குமிழ் விட்ட ஞாபகம் வரும். அதன் பால் சிலருக்கு உதட்டை அரிக்கும், துளையும் பெரிது.

தொண்டைக்கு என்ன சாப்பிடுவது என்று கேட்காமல் யாரும் விடுவதில்லை. கற்கண்டும் மிளகும் வெந்நீரும் இதமாக இருக்கும், தப்பில்லை. ஆனால் விழுங்குகிற எதுவும் குரல் நாணைத் தொடாது, விழுங்கும்போது அந்த வழி மூடிக்கொள்ளும். அதைத் தொடுவது மூச்சோடு போகும் ஆவி. அதிமதுரத்தை நாள்கணக்கில் மெல்லுகிறவர்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அளவு மீறினால் ஏற்றும். பேசும் முன் 'க்ஹும்' என்று செருமுவது நாண்களை ஒன்றோடொன்று அறைவது. ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்கினால் அதே சளி இறங்கும். குரல் கம்மி நான்கு வாரத்துக்கு மேல் தெளியவில்லை என்றால் பயிற்சி வேண்டாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் நாணைப் பார்த்துவிட வேண்டும். புகை பிடிக்கிறவர் நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஆசிரியர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒரு தடவையாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம், மற்ற வேலைக்காரர்கள் 28.8. சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரலை ஏற்றுவோம் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லோம்பார் 1911-லேயே காட்டிவிட்டார். அறுபது பிள்ளைகளும் நான்கு மின்விசிறியும் உள்ள அறையில் அந்த ஏற்றத்தை மன உறுதியால் அடக்க முடியாது. கடகடக்கிற ஒரு விசிறியை நிறுத்துங்கள், மூன்றாம் பெஞ்சு வரை நடந்து போங்கள், கவனம் திருப்பக் கத்தாமல் மேசையைத் தட்டுங்கள். சுவர் இல்லாத வெளியில் தூரம் பாதியானால் சத்தம் ஆறு டெசிபல் கூடும். காசு செலவில்லாத ஒலிபெருக்கி அது.

ஆறு வாரம் கழித்து அதே பத்தடி, அதே விசிறி, அதே இரண்டு நிமிடம். எழுதுகிற ஆளை மட்டும் மாற்றுங்கள். பழையவருக்கு உங்கள் வால் பழகிப்போயிருக்கும், கேட்காததையும் ஊகித்து எழுதிவிடுவார்.